நாய் கடித்தால் எது முதலில், எது பிறகு: சேலம், ஏற்காடு மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஆட்களில் யாரையாவது நாய் கடித்துவிட்டால் வண்டி பிடித்து, உடன் போய், ஊசி போட்டு முடிக்கும்வரை கூட நிற்பது பல வருடங்களாக என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. என் மகளுக்கும் ஒருமுறை போட வேண்டி வந்தது.

நான் பார்த்தவர்களில் சிகிச்சையே வேண்டாம் என்று உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் ஏதோ செய்கிறார்கள், ஆனால் வரிசை பிசகிவிடுகிறது. கழுவ வேண்டிய நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். சீரம், அதாவது கடிவாய்க்குள்ளேயே போடும் மருந்து, போட வேண்டிய கடிக்குக் கையில் ஒரு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள். மூன்று ஊசி போட்டுவிட்டு நான்காவதை மறந்துவிடுகிறார்கள்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், ரேபிஸ் என்ற வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலோடு கடிவாயில் இறங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது. மூளையை எட்டும் முன்பு தடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் அதன் பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. அறிகுறி வர பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்குச் சில நாட்களிலேயே வரலாம், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம். அதனால் "கடிச்சு ஒரு வாரமாச்சு, நல்லாத்தான் இருக்கேன்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு வாரம் தாமதமாகிவிட்டாலும் போங்கள். தாமதமாகத் தொடங்குவது தொடங்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

1. கடிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

உங்கள் வீட்டிலிருந்து அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் அரசு மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். நாய் கடித்த பதற்றத்தில் இதை விசாரிக்கப் போனால் அரை நாள் ஓடிவிடும். சந்தேகம் வந்தால் 104 எண்ணில் கேட்கலாம். கடி கடுமையாக இருந்தால் 108.

வீட்டுக் குழந்தைகளின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீரத்தின் அளவை எடை பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நாய் பிராண்டினாலும் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் திட்டமாட்டோம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தடையை மீறித் தெருவில் விளையாடப் போன பிள்ளை அடிக்குப் பயந்து கடியை மறைத்துவிடும். டவுசருக்குள் மறைந்த ஒரு பல் தடம் இரண்டு நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது தெரியவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2. பதினைந்து நிமிடம் கழுவுங்கள்

கடித்த உடனே, வேறு எதற்கும் முன்பு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மருத்துவமனைக்குக் கிளம்புவது அதற்குப் பிறகுதான்.

ரேபிஸ் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன ஒரு உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கை எடுப்பதுபோல் சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியை அழித்துவிடுகிறது. மிச்சத்தை ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். எந்த சோப்பானாலும் சரி. துணி துவைக்கும் பார் சோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், வாசனை சோப்பைத் தேடி வீட்டுக்குள் ஓட வேண்டாம்.

பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமான நேரம். பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கைப்பேசியில் நேரம் வைத்துவிடுங்கள். குழந்தை அழும், எரியும் என்று சொல்லும். மடியில் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழுவுங்கள். பல் ஆழமாக இறங்கிய குழிக்குள்ளும் தண்ணீர் போக வேண்டும், மேலோட்டமாக நனைத்தால் போதாது. அதற்காக அழுக்கைச் சுரண்டுவதுபோல் அழுத்தித் தேய்த்துப் புண்ணைப் பெரிதாக்கவும் கூடாது.

கோடையில் குழாயில் தண்ணீர் வராத தெருக்கள் சேலத்தில் இருக்கின்றன. அப்போது குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மேலேயிருந்து விடாமல் ஊற்றுங்கள், ஒருவர் ஊற்ற இன்னொருவர் சோப்புப் போடட்டும். வாளிக்குள் காலை முக்கி வைப்பது கழுவுவதாகாது. அதே தண்ணீரில் அதே எச்சில் கிடக்கும். தோட்டத்துக்குள் கடித்தால் தண்ணீர்த் தொட்டியடிக்கோ குழாயடிக்கோ முதலில் போங்கள், ரோட்டுக்கு அப்புறம் வரலாம்.

கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்திருந்தால் அங்கே சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

கழுவி முடித்ததும் வீட்டில் பெட்டாடின் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அதை வாங்க மருந்துக்கடை தேடி அலைய வேண்டாம், மருத்துவமனையில் போடுவார்கள்.

3. கடிவாயில் எதையும் அப்பாதீர்கள், கட்டாதீர்கள்

பழம் பறிக்கும் நேரத்தில் ஒரு அம்மாவுக்குக் கெண்டைக்காலில் நாய் கடித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது காபித்தூளை ஒரு பிடி அள்ளி வைத்து, சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார். "ரத்தம் நின்னுடுச்சுங்கய்யா, இனி பயமில்லை" என்றார். கட்டை அவிழ்த்தால் தூளும் ரத்தமும் சேர்ந்து கறுப்புப் பசையாக நான்கு பல் தடங்களையும் அடைத்திருந்தது. அதை எடுத்துக் கழுவவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், விளக்கெண்ணெய், பச்சிலை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இவை கிருமியைக் கொல்வதில்லை. கடிவாயை அடைத்துக் கிருமியை உள்ளேயே வைத்துவிடுகின்றன. எரிச்சல் தரும் பொருளாக இருந்தால் தசையும் ரணமாகும். நெருப்பால் சுடுவதும் வேண்டாம்.

கட்டுப் போடுவதும் வேண்டாம், தையலும் உடனே வேண்டாம். தையல் ஊசி கிருமியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். பெரிய கிழிசலாக இருந்து தைத்தே ஆக வேண்டும் என்றால், கடிவாய்க்குள் சீரம் போட்டு, சற்று நேரம் விட்டு, தளர்வாகத் தைப்பார்கள். ரத்தம் பீறிட்டு வந்தால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.

4. உடம்பு முழுவதும் பாருங்கள், எண்ணுங்கள்

பெரிய கடி ஒன்று இருந்தால் நம் கண் அதிலேயே நின்றுவிடும். கீழே விழுந்து புரண்ட பிள்ளைக்கு வேறு இடங்களிலும் பல்லோ நகமோ பட்டிருக்கும். நல்ல வெளிச்சத்தில் துணியை விலக்கி, தலைமுடியைப் பிரித்து, காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, முதுகு எல்லாம் பாருங்கள். எத்தனை இடம் என்று எண்ணி, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. சீரம் ஒவ்வொரு கடிவாய்க்கும் தனித்தனியாகப் போட வேண்டிய மருந்து. ஒரு கீறலைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்குத் தொடையில் மூன்று இடம் என்று எழுதிக்கொண்டு போனோம். நர்ஸம்மா தலையைத் தடவிப் பார்த்தபோதுதான் காதோரம் முடிக்குள் நகக்கீறல் ஒன்று கையில் தட்டுப்பட்டது. தலைக்கு அருகில் இருந்த அதுதான் நான்கிலும் அவசரமானது. தலை, முகம், கழுத்தில் பட்டால் கிருமிக்கு மூளை பக்கம். கைவிரல்களில் நரம்பு அதிகம் என்பதால் அங்கே கடித்தாலும் ஆபத்து கூடுதல்.

5. எந்த வகைக் கடி

மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். நாயைத் தொட்டது, சோறு போட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது முதல் வகை. இதற்குக் கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே புண் இருந்த இடத்தை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும்.

ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அது மூன்றாம் வகைதான். "சின்னக் கடிதானே" என்ற பேச்சு இங்கேதான் ஆளை ஏமாற்றுகிறது. பூனையின் பல் ஊசி போல மெல்லியது, தடம் வெளியே புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மலைப்பாதையில் தின்பண்டத்துக்காகப் பாய்ந்து பிராண்டும் குரங்குக்கும் இதே சிகிச்சைதான். நாய்க்குட்டிதானே என்றும் விட்டுவிடாதீர்கள், குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

வகையை நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவமனையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதற்காகச் சொல்கிறேன்.

6. அன்றைக்கே போங்கள், எங்கே என்று தெரிந்து போங்கள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாய்க்கடி ஊசி இலவசம். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சேலம் நகரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நம் ஊரில் பெரியாஸ்பத்திரி என்றால் அதுதான்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, தடுப்பூசி இருக்கும் இடத்தில் எல்லாம் சீரமும் கையிருப்பில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகக்கூடாது. முதலில் அருகில் உள்ள இடத்தில் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். "சீரம் இருக்குங்களா" என்று அங்கேயே கேளுங்கள். இல்லை என்றால் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வந்துவிடுங்கள். நாகலூர், செம்மநத்தம் பக்கம் உள்ளவர்கள் பஸ் நேரத்தை நம்பிக் காத்திருக்காமல், கிடைக்கும் வண்டியில் கிளம்புவது நல்லது. மாலை பனி இறங்கிவிட்டால் பாதையில் வேகம் குறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, இரவு என்றால் ஓ.பி. மூடியிருக்கும், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் படுப்பது வேண்டாம்.

சீட்டு போடும்போது சொல்ல வேண்டியவை: எப்போது கடித்தது, எந்த விலங்கு, எத்தனை இடம், ரத்தம் வந்ததா, நாய் எங்கே இருக்கிறது, முன்பு எப்போதாவது நாய்க்கடி ஊசி முழுதாகப் போட்டதுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். டி.டி. ஊசியும் தேவைப்பட்டால் போடுவார்கள். டி.டி. என்பது ரணஜன்னிக்கு, ரேபிஸுக்கு அல்ல. மருந்துக்கடையில் ஒரு டி.டி. போட்டுக்கொண்டு "ஊசி போட்டாச்சு" என்று வந்தவர்கள் பலர். அந்த ஒரு குழப்பம் உயிரைக் குடிக்கும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் இன்னும் பெரியவர்கள் சிலர் வர மறுக்கிறார்கள். அது பழைய மருந்து. அதை நாடு கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான்.

7. சீரம்: கடிவாய்க்குள் போடும் ஊசி

அதிகம் விடுபட்டுப் போவது இந்தப் படிதான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கையில் போடும் தடுப்பூசி நம் உடம்பைத் தூண்டி எதிர்ப்பொருளைச் செய்ய வைக்கிறது. அது உருவாக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை கடிவாயில் இருக்கும் கிருமி சும்மா இருக்காது. அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் தயாராக உள்ள எதிர்ப்பொருளைக் கடிவாய்க்குள்ளேயே செலுத்துகிறார்கள். இதன் முழுப்பெயர் இம்யூனோகுளோபுலின், பேச்சில் சீரம் என்பார்கள். விதை முளைத்து மரமாகும்வரை காத்திராமல் கிளையை வெட்டி வேலி போடுவதுபோல என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்வேன், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் எடையில் ஒரு கிலோவுக்கு 40 யூனிட். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20 யூனிட். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முன்னதில் 800 யூனிட், பின்னதில் 400 யூனிட் வரைதான் உச்ச அளவு. கடிவாய் பல இருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கி எல்லா இடத்துக்கும் போடுவார்கள். எந்த இடமும் விட்டுப்போகாமல் போடுவதுதான் நோக்கம்.

வலிக்கும். மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் வலியைக் கண்டு பாதியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தகப்பனையும் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே ரணமான இடத்தைச் சுற்றியும் உள்ளேயும் ஊசி இறங்கும்போது யாருக்கும் தாங்காது. பிள்ளையின் தலையை உங்கள் தோளில் சாய்த்து, கையைக் காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மூச்சுத் திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் உடனே கவனிக்க ஆள் இருக்கும்.

அன்றைக்கே போட முடியாவிட்டால், முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். அதன்பின் போடமாட்டார்கள். அதற்குள் உடம்பு தானாக எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கியிருக்கும், வெளியிலிருந்து வரும் சீரம் அந்த வேலையை மட்டுப்படுத்தும். ஏழு நாள் இருக்கிறதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி ஒவ்வொரு நாளும் நரம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

ரத்தம் வந்த கடியாக இருந்து, கையில் மட்டும் ஊசி போட்டு அனுப்பினால், தயங்காமல் ஒரு வார்த்தை கேளுங்கள்: "கடிவாயில சீரம் போடணுமுங்களா?" கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

8. தடுப்பூசி: நான்கு தேதிகள்

அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு தோள்பட்டைக்குக் கீழே ஒவ்வொன்றாக, 0.1 மில்லி வீதம். சரியாகப் போட்டால் அந்த இடம் கொசு கடித்ததுபோல் சின்னதாக உப்பி, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். போடும் நாட்கள் 0, 3, 7, 28.

தனியாரில் பெரும்பாலும் தசைக்குள் போடுவார்கள். அதற்கு நாட்கள் 0, 3, 7, 14, 28, மொத்தம் ஐந்து. பெரியவர்களுக்குக் கையில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கத்தில். பிட்டத்தில் போடக்கூடாது, அங்கே கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது.

இங்கே எண்ணிக்கையில் ஒரு சிக்கல். நாம் காரியத்துக்கு மூன்றாம் நாள் எண்ணினாலும், திருவிழாவுக்கு எட்டாம் நாள் எண்ணினாலும் தொடங்கிய நாளை ஒன்று என்றுதான் வைப்போம். ஊசிக் கணக்கில் தொடங்கிய நாள் பூஜ்யம். திங்களன்று முதல் ஊசி என்றால் நம் கணக்கில் மூன்றாம் நாள் புதன், ஊசிக் கணக்கில் வியாழன். என் மகளைப் புதன்கிழமையே அழைத்துப் போய், சீட்டைப் பார்த்து மறுநாள் வரச் சொல்லித் திரும்பி வந்தேன். ஒரு பள்ளிநாளும் ஒரு நாள் சம்பளமும் போனது. பூஜ்யம் என்பது கடித்த நாளும் அல்ல, முதல் ஊசி போட்ட நாள்.

கிழமையை வைத்து நினைவில் கொள்வது சுலபம். 0, 7, 28 மூன்றும் ஒரே கிழமையில் வரும். முதல் ஊசி திங்கள் என்றால் அடுத்த திங்கள் மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள் கடைசி. நடுவில் வியாழன் ஒன்று மட்டும் வேறு. நாட்காட்டித் தாளில் நான்கையும் உடனே வட்டமிடுங்கள்.

விட்டுப்போவது பெரும்பாலும் 28-ஆம் நாள் ஊசி. புண் ஆறியிருக்கும், வேலைக்குப் போக ஆரம்பித்திருப்பார், மலையிலிருந்து இறங்கி வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் எங்கள் தோட்டத்தில் ஊசிநாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்டு வாங்கினேன். பட்டறை, தறிக்கூடம், கடை வைத்திருப்பவர்கள் உங்கள் ஆட்களுக்கு இதைச் செய்யுங்கள். நான்கு நாளும் முழு நாளாக வேண்டியதில்லை, அரை நாள் போதும்.

தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். தெரிந்த நாளிலேயே போய், விட்ட தவணையைப் போட்டுத் தொடருங்கள். வெளியூரில் இருந்தால் அங்குள்ள அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

பத்தியம் எதுவும் இல்லை. கோழி, மீன், கத்தரிக்காய், எல்லாம் சாப்பிடலாம். குளிக்கலாம். லேசான காய்ச்சலும் போட்ட இடத்தில் வலியும் வந்தால் பயப்பட வேண்டாம், அதற்காக அடுத்த ஊசியை நிறுத்தவும் வேண்டாம்.

9. நாயைப் பத்து நாள் பாருங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்

நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்தால் அது பத்து நாளுக்குள் நோய் கண்டு செத்துவிடும். பத்து நாள் கழித்தும் தின்று, குடித்து, நன்றாகத் திரிந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான். குரங்குக்கும் காட்டு விலங்குகளுக்கும் இதைப் பொருத்தாதீர்கள்.

ஊசி முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். நாய் நலமாக இருந்தால் மீதித் தவணையை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார். நாயைப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று வரிசையை மாற்றுவது மிகப் பெரிய தவறு. தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய் என்று உரிமையாளர் சொன்னாலும் அட்டையை வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களே தள்ளுபடி செய்யாதீர்கள்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடுவதும் நடக்கிறது. அது செய்யக்கூடாத காரியம், உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே தடயமும் அதோடு போய்விடும். காரணமில்லாமல் கல்லையும் கட்டையையும் கடிப்பது, கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, குரல் மாறுவது, இருட்டு மூலையில் முடங்கிக் கிடப்பது ஆகியவை நோயின் அடையாளங்கள். இவற்றைக் கண்டாலோ, நாய் காணாமல் போனாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்து நாளும் தொலைவிலிருந்து பார்த்தால் போதும், பிடித்துக் கட்டப் போக வேண்டாம்.

10. முறை மாறுபவர்கள்

கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், பச்சைக் குழந்தை, எண்பது வயதுப் பெரியவர், யாருக்கும் இந்த ஊசிக்குத் தடை இல்லை. கர்ப்பிணி என்பதால் வீட்டார் தயங்கி நிறுத்துவதைப் பார்க்கிறேன், அங்கேதான் இரண்டு உயிர் இருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய் மருந்தோ நீண்ட நாள் ஸ்டீராய்டோ எடுப்பவர்கள் சீட்டு போடும்போதே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ரத்தம் வராத கீறலுக்கும் சீரம் போடுவார்கள், தடுப்பூசியையும் தசைக்குள் போடுவார்கள்.

முன்பே முழுத் தவணையும் போட்டவரை மறுபடியும் நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். ஆனால் முன்பு போட்டதற்குச் சீட்டு காட்ட வேண்டும். அதனால் நான்காவது ஊசி முடிந்ததும் அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். என் மகளின் சீட்டு அங்கேதான் இருக்கிறது.